எந்த டெட்லிஃப்ட்? வயலிலும் ஜிம்மிலும் உழைக்கும் நாரிக்கு ஒரு ஒப்பீடு

கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ ஜிம்மில் புதிதாகச் சேரும் பெரும்பாலானோருக்கு டெட்லிஃப்ட் என்றால் ஒன்றுதான்: நிலத்தில் கிடக்கும் பாரை, அதாவது இரு பக்கமும் பிளேட் பூட்டிய இரும்புத் தண்டை, குனிந்து தூக்கி நிமிர்வது. அதற்குள் நான்கு நல்ல வடிவங்கள் இருக்கின்றன. வழமையான டெட்லிஃப்ட், சுமோ (காலை அகல வைத்துத் தூக்குவது), ரோமானியன் (நின்ற நிலையிலிருந்து இறக்கித் தூக்குவது), ட்ராப் பார் (அறுகோணச் சட்டத்துக்குள் நின்று தூக்குவது). நான்கிலும் வேலை செய்பவை பிட்டம், தொடையின் முன்பக்கமும் பின்பக்கமும், நாரி (கீழ்முதுகு), மேல்முதுகு, கைப்பிடி ஆகியவைதான். எந்தத் தசை எவ்வளவு சுமையை எடுக்கிறது என்பதில்தான் வடிவத்துக்கு வடிவம் மாறுகிறது. பகல் முழுக்கக் கதிரையில் இருப்பவருக்கு இந்த மாற்றம் பெரிதாகத் தெரியாமல் போகலாம். காலையில் வரம்பு கட்டிவிட்டுப் பின்னேரம் ஜிம்முக்கு வருபவரின் நாரிக்கு அது உடனே தெரியும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வயல், தோட்டம், கரைவலை, கட்டட வேலை என்று உடம்பால் உழைப்பவர்கள் ஆண்டு முழுவதும் வைத்திருக்க வேண்டியது ரோமானியன் டெட்லிஃப்ட். பாரம் கூட்டித் தூக்க விரும்பினால், ட்ராப் பார் கிடைக்குமிடத்தில் அது. கிடைக்காத இடத்தில் சரியான உயரத்தில் வைத்த வழமையான டெட்லிஃப்ட். சுமோவை, இடுப்பின் அமைப்போ போட்டியோ கேட்டால் மட்டும் எடுக்கலாம். எதில் கூடிய கிலோ ஏறுகிறது என்பதை வைத்து இந்த வரிசையைப் போடவில்லை. கிழமையின் மற்ற நாட்களில் அந்த நாரி என்ன செய்கிறது என்பதை வைத்துத்தான் போட்டிருக்கிறோம்.

பார் எந்த உயரத்தில் கிடக்கிறது?

வடிவத்தைத் தெரிவு செய்ய முதல், அளவு நாடா ஒன்றை எடுங்கள். போட்டிகளில் பாவிக்கும் பெரிய பிளேட்டின் விட்டம் 45 சென்ரிமீற்றர். ஆகவே பாரின் நடு நிலத்திலிருந்து 22.5 சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்கும். டெட்லிஃப்ட் பற்றிய படங்களும் வீடியோக்களும் அளவுகளும் எல்லாமே இந்த உயரத்தை வைத்துச் சொல்லப்பட்டவை. எங்கள் பக்கத்துச் சிறிய ஜிம்களிலும் வீட்டுச் செட்களிலும் இருப்பவை பெரும்பாலும் சின்ன இரும்புப் பிளேட்கள். விட்டம் 30 சென்ரிமீற்றர் என்றால் பார் 15 சென்ரிமீற்றர் உயரத்தில்தான் கிடக்கும். அந்த 7.5 சென்ரிமீற்றர் குறைவு சின்ன விஷயம் இல்லை. தொடையின் பின்தசை இழுபட்டு முடிந்த பிறகும் கை பாரை எட்டாது; எட்ட வைப்பதற்கு நாரி வளையும். "டெட்லிஃப்ட் செய்து நாரி பிடிச்சிட்டுது" என்று சொல்பவர்களில் பலருக்குப் பிழை இங்கேதான் தொடங்குகிறது.

திருத்துவது இலகு. 22.5இலிருந்து உங்கள் பிளேட் விட்டத்தின் பாதியைக் கழியுங்கள். மிச்சம் வருவது பிளேட்டுக்குக் கீழே வைக்க வேண்டிய உயரம். மேலே சொன்ன கணக்கில் அது 7.5, ஏறத்தாழ மூன்று அங்குலம். மரஆலையில் அந்தத் தடிப்பில் பாலைமரத் துண்டுகள் வெட்டுவித்து, பக்கத்துக்கு ஒன்றாக வைக்கலாம். பார் உருளாமல் இருக்கத் துண்டின் இரு விளிம்பிலும் மெல்லிய சட்டம் அடியுங்கள். பழைய ரயரைப் படுக்கப் போட்டும் செய்யலாம். ஆனால் பாரம் ஏற ஏற ரயர் அமுங்கி உயரம் மாறும், அதனால் பாரம் ஏற்றிய பிறகு அளக்க வேண்டும். சீமெந்துப் புளொக் கல்லை மட்டும் வைக்கவே வேண்டாம். பாரை இறக்கும்போது விழும் அடியில் அது முன்னறிவிப்பில்லாமல் உடையும்.

பாரையும் தராசில் வைத்து நிறுத்துப் பாருங்கள். போட்டிப் பார் 20 கிலோ. ஓரங்குலத் தடிப்பில், நுனியில் திருகு பூட்டும் வீட்டுப் பார் அதில் பாதிகூட வராமல் இருக்கலாம். அந்த வகைப் பார் பெரிய பாரங்களுக்குச் செய்யப்பட்டதும் இல்லை. நடுவில் வளைந்து, இறக்கிய பிறகும் நேராகவில்லை என்றால் அன்றோடு அதை டெட்லிஃப்டிலிருந்து விலக்கிவிடுங்கள்.

ரோமானியன்: அடிப்படை

ருமேனியாவின் நிக்கு விளாட், 1984 லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் பளுதூக்கலில் தங்கம் வென்றவர். அவர் பயிற்சியில் செய்ததைப் பார்த்து அமெரிக்கப் பயிற்றுநர்கள் வைத்த பெயர்தான் ரோமானியன் டெட்லிஃப்ட். மற்ற மூன்றும் நிலத்திலிருந்து தொடங்குபவை. இது நின்ற நிலையிலிருந்து தொடங்குவது. அதனால் பிளேட்டின் விட்டம் இங்கே பிரச்சினையே இல்லை. எவ்வளவு கீழே போவது என்பதை உங்கள் தொடைத் தசைதான் தீர்மானிக்கிறது. சின்னப் பிளேட்கள் உள்ள இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் இல்லை.

செய்முறை: பாரை உயரமான தாங்கியிலிருந்து எடுத்து நில்லுங்கள். பாதங்கள் இடுப்பு அகலத்தில் இருக்கட்டும். முழங்காலைச் சற்று மடித்து, அந்த மடிப்பை மாற்றாமல், பிட்டத்தைப் பின்னால் தள்ளுங்கள். பின்னால் இருக்கும் கதவைப் பிட்டத்தால் சாத்தப் போவதாக நினைத்தால் சரியாக வரும். பார் தொடையையும் முழங்காலையும் உரசிக்கொண்டே இறங்க வேண்டும். கீழே போக மூன்று வினாடி. பிட்டம் இனிப் பின்னால் போகாது என்கிற இடமே உங்கள் அடி. பலருக்கு அது முழங்காலுக்குச் சற்றுக் கீழே. அதற்கப்பால் பார் இறங்கினால் இறங்குவது இடுப்பால் அல்ல, நாரி வளைவதால்.

இந்த மடிப்பு வராதவர்களுக்கு ஒரு தும்புத்தடி போதும். தடியை முதுகோடு நிறுத்திப் பிடியுங்கள். பிடரி, தோள்பட்டைகளுக்கு நடு, வாலெலும்பு ஆகிய மூன்று இடங்களிலும் தடி தொட வேண்டும். அப்படியே பிட்டத்தைப் பின்தள்ளிக் குனியுங்கள். வாலெலும்பிலிருந்து தடி விலகும் கணத்தில் நாரி வளையத் தொடங்கிவிட்டது என்று பொருள். பாரைத் தொடாமல் ஒரு கிழமை இதை மட்டும் தினமும் பத்துத் தடவை செய்தாலே மண்வெட்டி பிடிக்கும் விதம் மாறுவதைக் காணலாம். நாற்று நடும்போதும் களை பிடுங்கும்போதும் பெரும்பாலானோர் நாரியால்தான் மடிகிறார்கள், இடுப்பால் அல்ல. ரோமானியனை முதலில் வைக்க எங்களுக்குள்ள பெரிய காரணம் அதுதான்.

பாரம்: வழமையான டெட்லிஃப்டில் தூக்குவதில் 60 முதல் 70 சதவீதம் வரை. ஒரு செட்டுக்கு (இடையில் ஓய்வில்லாமல் தொடர்ந்து செய்யும் ஒரு சுற்றுக்கு) 6 முதல் 10 தடவை, மூன்று செட்.

குறையும் உண்டு. பாரத்தை மெதுவாக இறக்கி, நீண்ட நிலையில் தசையை வேலை வாங்குவதால், புதிதாகத் தொடங்குபவருக்குத் தொடையின் பின்பக்கம் இரண்டு மூன்று நாள் உளையும். அடுத்த நாள் மூட்டை ஏற்ற இருப்பவர் இன்றைக்கு இதைப் புதிதாகத் தொடங்கக் கூடாது. இரண்டு செட்டில், பாதிப் பாரத்தில் தொடங்கினால் அந்த உளைவு வெகுவாகக் குறையும்.

வழமையானது

2016இல் இங்கிலாந்தின் எடி ஹோல் 500 கிலோ தூக்கியது இந்த வடிவத்தில்தான். தூக்கத் தொடங்கும்போது உடல் நன்றாக முன்சாய்ந்திருப்பதால் நாரிக்கும் முதுகுக்கும் வேலை அதிகம். அந்த வேலைக்காகவே இதைத் தெரிவு செய்பவர்கள் உண்டு. அதே வேலைதான் ஏற்கெனவே களைத்த நாரிக்குப் பாதகமாகிறது.

பாதத்தின் நடுவுக்கு நேர்மேலே பார் இருக்க வேண்டும். அதாவது, நேராக நிற்கும்போது கெண்டைக்கால் எலும்புக்கு இரண்டு மூன்று சென்ரிமீற்றர் முன்னால். பாரை அசைக்காமல் குனிந்து, காலுக்குச் சற்று வெளியே பிடியுங்கள். பிறகு முழங்காலை முன்னால் விட்டுக் காலைப் பாரில் தொட வையுங்கள். நெஞ்சை நிமிர்த்துங்கள். வயிற்றுக்குள் மூச்சை இழுத்து இறுக்குங்கள். உடனே தூக்காமல், பிளேட்டின் துளைக்கும் பாருக்கும் இடையில் உள்ள தளர்வு போகும்வரை மெதுவாக இழுங்கள். "டிக்" என்ற சத்தம் கேட்கும். அதற்குப் பிறகு நிலத்தைக் காலால் தள்ளி எழும்புங்கள். முழங்காலைத் தாண்டியதும் பிட்டத்தை முன்னால் கொண்டுவாருங்கள். மேலே போய்ப் பின்னால் சாய்வதில் ஒரு பலனும் இல்லை. நாரி நெரிபடும், அவ்வளவுதான்.

பிழைகளில் மிகவும் விலை கூடியது, பார் காலிலிருந்து விலகிப் போவது. கணக்கைப் பாருங்கள். 100 கிலோ பார் இடுப்பு மூட்டிலிருந்து கிடையாக 25 சென்ரிமீற்றர் தூரத்தில் இருந்தால், அது இடுப்பை முன்னால் வளைக்கும் திருப்பம் (விசையையும் தூரத்தையும் பெருக்கி வருவது) ஏறத்தாழ 245 நியூற்றன் மீற்றர். பார் 5 சென்ரிமீற்றர் முன்னால் போனால் அது 294 ஆகிறது. ஒரு கிலோகூடக் கூட்டாமல் 20 சதவீதம் அதிகம். காலில் உரசுகிறது என்று பலர் பாரைத் தள்ளிப் பிடிப்பார்கள். முழங்கால் வரை நீளமான காலுறையைப் போட்டுக்கொண்டு காலோடு இழுப்பதே சரி.

அடுத்தது, பார் அசைய முதல் பிட்டம் மேலே கிளம்புவது. அது நடந்தால் காலின் உதவி போய்விடும். மிச்சத் தூக்கல் முழுவதும் நாரியின் தலையில். பாரம் அதிகம், அல்லது தொடக்கத்தில் பிட்டத்தை ஸ்குவாட் (பாரத்தோடு குந்தி எழும்புவது) போலத் தேவைக்கு மேல் தாழ்த்திவிட்டீர்கள். இரண்டில் ஒன்றுதான் காரணம்.

கட்டையான கையும் நீளமான உடலும் உள்ளவர்களுக்கு இந்த வடிவம் எப்போதும் கஷ்டம். நேராக நிற்கும்போது கை நுனி தொடை நடுவை ஒட்டியே நிற்கிறது என்றால், பாரை இன்னும் 5 சென்ரிமீற்றர் உயர்த்தி வைத்துத் தூக்குவதில் எந்தக் குறையும் இல்லை. போட்டிக்குப் போகாதவருக்கு 22.5 என்பது சட்டம் அல்ல.

சுமோ

காலை அகல வைத்து, பாதங்களை 30 முதல் 45 பாகை வெளியே திருப்பி, கைகளைக் கால்களுக்கு உள்ளே விட்டுப் பிடிப்பது. உடல் நிமிர்ந்து நிற்கும், பார் போகும் தூரம் குறையும். கனடாவில் போட்டியாளர்களை வைத்துச் செய்து 1991இல் வெளியான ஆய்வொன்றில், கீழ்முள்ளந்தண்டுக்கு வரும் திருப்பம் சுமோவில் ஏறத்தாழ 10 சதவீதம் குறைவாக இருந்தது. நல்ல குறைவுதான். அதற்குப் பதிலாக உட்தொடைக்கும் இடுப்பு மூட்டுக்கும் வேலை கூடுகிறது. முழங்கால் பாத விரலின் திசையிலேயே போக வேண்டும். உள்ளே சரிந்தால் உட்தொடை இழுபடும்.

எங்கள் பக்கத்தில் இதற்கு இன்னொரு தடை இருக்கிறது: நிலம். வீட்டு மண்டபத்தை ஜிம் ஆக்கிய இடங்களில் மாபிள் தரையில் வியர்வை சிந்தியிருக்கும். அகல வைத்த கால் வெளியே வழுக்கினால் அதைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. றப்பர் விரிப்பு இல்லாத தரையில் சுமோ செய்ய வேண்டாம் என்பதே எங்கள் அறிவுரை. பாத விரல் பிளேட்டுக்குக் கீழே வருகிறதா என்பதையும் ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

டெட்லிஃப்டும் ஒரு பகுதியாக உள்ள பவர்லிஃப்டிங் போட்டியில் சுமோ, வழமையானது இரண்டும் செல்லும். ஒலிம்பிக் பாணியில், பாரைத் தலைக்கு மேலே தூக்கும் பளுதூக்கல் பழகும் மாணவர்களுக்குச் சுமோ உதவாது. அவர்களின் தூக்கல் குறுகிய காலடியில் தொடங்குவது.

ட்ராப் பார்

அறுகோணச் சட்டத்துக்குள் ஆள் நின்று, இரு பக்கக் கைப்பிடிகளைப் பிடித்துத் தூக்குவது. காலுக்கு முன்னால் பார் இல்லாததால் பாரம் உடலின் நடுக்கோட்டுக்கு அருகில் வருகிறது. முழங்கால் கூட மடங்கி, தொடையின் முன்பக்கம் அதிகம் உழைத்து, நாரிக்கு வரும் திருப்பம் குறைகிறது. உயரமான கைப்பிடி உள்ள வகையில் தொடக்க உயரமும் கூடும். பழகுவதற்கு மிக இலகுவானது இதுதான். கரப்பந்து, வலைப்பந்து, கபடி வீரர்களுக்கும் இதையே சொல்வோம். பாரத்தை வேகமாக எழுப்பும் பயிற்சிக்கு இது நன்றாக இணங்கும்.

வன்னியில் இந்தப் பார் எல்லா ஜிம்மிலும் இருக்காது. வெல்டிங் கடையில் செய்விக்கலாம், ஆனால் வரைபடத்தோடு போங்கள். கைப்பிடிகளுக்கு இடையில் 60 முதல் 65 சென்ரிமீற்றர். கைப்பிடியின் தடிப்பு 28 முதல் 32 மில்லிமீற்றர். பிளேட் ஏறும் இரு நுனிகளையும் இணைத்து ஒரு கோடு கீறினால் கைப்பிடிகளின் நடு அந்தக் கோட்டில் விழ வேண்டும். விலகினால் தூக்கியதும் சட்டம் முன்னாலோ பின்னாலோ கவிழும். தண்ணீர்க் குழாயில் செய்து தருகிறோம் என்பார்கள், வேண்டாம். திண்மையான உருண்டைக் கம்பியே வேண்டும். ஒட்டு முழுச் சுற்றும் ஓட வேண்டும், நான்கு புள்ளியில் தொட்டுவிட்ட ஒட்டு போதாது. ஆள் தூக்க முதல், தூக்கப் போகும் பாரத்தைவிடக் கூட ஏற்றி, இரு கைப்பிடியிலும் கயிறு கட்டிச் சங்கிலி பிளொக்கில் ஒரு இரவு தொங்கவிட்டுப் பாருங்கள்.

பின்னேரப் பயிற்சிக்கு முன்

நீண்ட நேரம் குனிந்து வேலை செய்தால் முள்ளந்தண்டைப் பிடித்திருக்கும் இணையங்கள் (எலும்புகளைப் பிணைக்கும் நார்கள்) தற்காலிகமாகத் தளரும். நிமிர்ந்தவுடன் அவை பழைய இறுக்கத்துக்கு வந்துவிடுவதில்லை. களை பிடுங்கிவிட்டு நேரே பாருக்குப் போகக் கூடாது. குறைந்தது அரை மணி நேரம் நிமிர்ந்து நடந்து, தண்ணீர் குடித்து, வெறும் பாரில் இரண்டு செட் செய்த பிறகே பாரம் ஏற்றுங்கள். காலபோக அருவி வெட்டு நடக்கும் மாசி, பங்குனியில் செட்களைப் பாதியாக்குங்கள். இயந்திரம் அறுத்துக் கொடுத்தாலும் மூட்டையைப் பெட்டியில் ஏற்றுவது இன்னும் மனிதர்தான். விதைப்பு முடிந்து பயிர் வளரும் மார்கழி, தை மாதங்கள் பாரம் கூட்ட நல்ல காலம்.

மூட்டை பற்றி ஒன்று. 50 கிலோ உரப்பையைத் தூக்கும்போது முதுகு சற்று வளையத்தான் செய்யும். பையின் பருமன் அப்படி. பாரில் பழகிய நேர் முதுகை அங்கே அப்படியே கொண்டுவர முடியாது. இடுப்பால் மடிவதும், பையை வயிற்றோடு அணைப்பதும், தூக்கிக்கொண்டே திரும்பாமல் காலை எடுத்து வைத்துத் திரும்புவதும் கட்டாயம் வரும்.

கைப்பிடிக்கு, வெப்பத்தில் வழுக்கும் உள்ளங்கையில் மக்னீசியம் காபனேற்றுத் தூள் போதும். சுவருக்குப் பூசும் சுண்ணாம்பைப் பூச வேண்டாம், தோலைச் சுடும். ஒரு உள்ளங்கை உடலை நோக்கி, மற்றது வெளியே நோக்கி என்று பிடித்தால் வெளியே திரும்பிய கையின் முழங்கையை ஒருபோதும் மடிக்காதீர்கள். மேற்கைத் தசைநார் அறுவது அப்படித்தான். மெத்தை வைத்த ஓட்டச் சப்பாத்தைவிட வெறுங்கால் நல்லது.

உடம்பில் பழைய செல்துண்டு உள்ளவர்களும், முள்ளந்தண்டுக் காயம் பட்டவர்களும் எந்த வடிவத்தையும் தொடங்க முதல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். பிறசர் உள்ளவர்களும் அப்படித்தான். மூச்சை அடக்கித் தூக்கும்போது இரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். முழங்காலுக்குக் கீழே செயற்கைக்கால் பொருத்தியவர்களுக்கு, கணுக்கால் அசைவு அதிகம் தேவைப்படாத ரோமானியன், ஸ்குவாட்டைவிட இணக்கமாக இருக்கும். டம்பெல் இரண்டோடு, கதிரை முதுகையோ சுவரையோ எட்டும் தூரத்தில் வைத்துத் தொடங்கலாம். செயற்கைக்காலின் குழி பிடிக்கும் இடத்தில் அழுத்தமோ சிவப்போ தெரிந்தால் நிறுத்திவிட்டு, செயற்கைக்கால் பொருத்திய இடத்தில் காட்டுங்கள்.

எப்போது மாற்றுவது?

கிழமையில் இரண்டு நாள் போதும். முதல் ஆறு கிழமை இரண்டு நாளும் ரோமானியன். உடல் எடையில் பாதியை மூன்று செட், எட்டுத் தடவை, நாரி வளையாமல் செய்ய முடிந்ததும் ஒரு நாளை ட்ராப் பாருக்கோ உயர்த்திய வழமையானதுக்கோ மாற்றுங்கள்: மூன்று செட், ஐந்து தடவை, ஒவ்வொரு செட்டிலும் இன்னும் இரண்டு தடவை தூக்கலாம் என்ற நிலையில் நிறுத்துவது. கிழமைக்கு 2.5 முதல் 5 கிலோ கூட்டலாம். கைபேசியைப் பக்கவாட்டில், இடுப்பு உயரத்தில் வைத்துக் கடைசி செட்டைப் பதிவு செய்யுங்கள். ஐந்தாவது தடவையில் பார் காலை விட்டு விலகினாலோ பிட்டம் முதலில் கிளம்பினாலோ அடுத்த கிழமை அதே பாரம்தான். இரண்டு கிழமை தொடர்ந்து அப்படி என்றால் 10 சதவீதம் குறையுங்கள். மறுநாள் காலையில் நாரியில் வெறும் உளைவு என்றால் பயிற்சியைத் தொடரலாம். நோ பிட்டத்தைத் தாண்டிக் காலுக்குள் இறங்கினாலோ, பாதம் விறைத்தாலோ, எந்த வடிவமும் வேண்டாம், முதலில் ஆஸ்பத்திரி.